பத்துக்குப் பிறகு

மகளைப் பாலர் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிப்பிக்கப் போகிறோம் என்பது இந்தக் குழுவில் எல்லோருக்கும் தெரியும்.

இன்று அவளுக்குப் புத்தகம் எடுக்கக் கர்க்லாண்ட் நகரில் ஓர் அக்கா வீட்டுக்குப் போனோம். எங்கள் பங்குக் கோயில்காரர். தன் பிள்ளைகள் எல்லோரையும் வீட்டில் படிப்பித்து ஆளாக்கியவர்.

சமயம், வாசிப்பு, கைவேலை எல்லாம் எடுத்தேன். கணக்குப் புத்தகத்தை மட்டும் திருப்பிக் கொடுத்தேன்.

"இது வேண்டாம் அக்கா. ஒவ்வொரு பின்னேரமும் செபமாலை சொல்லுறம். பத்துப் பத்தா மணி எண்ணி எண்ணியே இவ கணக்குப் படிச்சிட்டா."

"ஓமோ? அப்ப எண்ணட்டும் பாப்பம்," என்று அக்கா ஒரு பேணியில் இருந்த பொத்தான்களை மேசையில் கொட்டினார்.

மகள் ஒவ்வொன்றாக நகர்த்தி எண்ணினாள். பத்து வரை ஒரு பிழையும் இல்லை. நான் அக்காவைப் பெருமையாகப் பார்த்தேன்.

அடுத்த பொத்தானில் விரலை வைத்தவள் தலை குனிந்து, "பிதாவுக்கும் சுதனுக்கும்" என்று தொடங்கி ஆமென் வரை சொல்லி முடித்தாள். பிறகு அதற்கடுத்த பொத்தானை நகர்த்தி, "ஒண்டு" என்றாள்.

அக்கா சிரிக்கவில்லை. தானும் ஆமென் சொன்னார். என் பையிலிருந்த சமயப் புத்தகத்தை வெளியே எடுத்துவிட்டு, கணக்குப் புத்தகத்தை உள்ளே வைத்தார்.

"சமயம் பிள்ளைக்கு நல்லா வருது. உமக்கு இதுதான் தேவை."

இப்போதும் சொல்கிறேன், செபமாலையால் கணக்கு வரும். உங்கள் வீட்டில் பதினொன்று எப்படி வந்தது என்று மட்டும் யாராவது எழுதுங்கள்.