முடிவு பார்க்காதவர்

சிராங்கூன் ரோட்டுத் தியேட்டரில் டார்ச் அடித்து இடம் காட்டுபவர் அவர். வாசலையே அடைத்துக்கொள்ளும் உடம்பு, கொடுவாள் மீசை.

எண்பதுகளின் தொடக்கத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, தீவின் மேற்குக் கோடியான பூன் லேயிலிருந்து பஸ் மாறிக் கைக்குழந்தையோடு படத்துக்குப் போயிருந்தேன். கிளைமாக்ஸில் என் மகள் வீறிட்டு அழுதாள். முன்வரிசையில் உச்சுக்கொட்டினார்கள். வெளியே போக எழுந்தேன். இருட்டில் இரண்டு பெரிய கைகள் நீண்டன.

"நீங்க உக்காந்து பாருங்கம்மா. நான் வச்சுக்கிறேன் லா."

யார் எவரென்று யோசிக்காமல் கொடுத்துவிட்டேன்.

படம் முடிந்ததும் வெளியே ஓடினேன். வாசல் கூடத்தில் கோயில் தூண்போல அசையாமல் நின்றிருந்தார். தோளில் ஒன்று, கைக்கொன்றாக இரண்டு. மூன்று குழந்தைகளும் தூங்கிக்கொண்டிருந்தன. அவ்வளவு பெரிய திரையை வாய்பிளந்து பார்த்துவிட்டு வந்த நான், அவரையும் அப்படியே பார்த்து நின்றேன்.

"அப்ப நீங்க முடிவு பாக்கலியா?"

"எந்தப் படத்துக்கும் பாத்ததில்லம்மா. அந்த நேரத்துலதான் எல்லாப் பிள்ளையும் அழுவுது." குரலைத் தாழ்த்தினார். "பிரிஞ்சுபோன அண்ணனும் தங்கச்சியும் சேந்துட்டாங்களா?"

"சேந்துட்டாங்க."

மீசைக்குக் கீழே ஒரு சிரிப்பு மெல்ல விரிந்தது. என் மகளை என்னிடம் தருவதற்கு முன், தூங்கும் அவள் காதருகே குனிந்தார்.

"சேந்துட்டாங்களாம்."