நாற்பத்திரண்டு புறாக்கள்

கருங்கடல் நீரிணைக்குள் நுழையும் இடத்தில், நீலப்பாறைகள் இரண்டுக்கும் எதிர்க்கரையில் மீன்வரவு பார்க்கப் படிகள் வைத்து நட்ட எங்கள் காவல்மரம் நின்றது. அதன் உச்சிப் பலகையில் பத்தொன்பது பருவம் உட்கார்ந்திருந்தவர் மாத்ரிஸ். சூரை மீன் கூட்டம் வருவதைத் தண்ணீரின் நிறத்திலேயே கண்டுகொள்வார். எத்தனை மீன், எந்தப் பக்கம் என்று மேலிருந்து குரல் கொடுப்பார். அதைக் கேட்டுத்தான் நாங்கள் வலையை வளைப்போம். இருநூறு என்று அவர் சொன்னால் கரையில் குவித்து எண்ணும்போது நூற்றுத் தொண்ணூற்றெட்டுக்குக் குறைந்ததில்லை. பைசாந்திய நகரத்துச் சந்தைக்காரர்கள் அவர் வாய்க்கணக்கை நம்பியே கூடைகளை அனுப்புவார்கள்.

கடவுளரைப் பற்றி அவர் அதிகம் பேசமாட்டார். தேவர்கள் உண்ணும் அம்ப்ரோசியா என்ற அமுதைப் புறாக்கள் இந்தப் பாறைகளுக்கு நடுவே தூக்கிப்போகின்றன, ஒவ்வொரு முறையும் பாறை ஒரு புறாவைப் பறித்துக்கொள்கிறது, தந்தை ஜீயஸ் இன்னொன்றைச் சேர்த்து எண்ணிக்கையைச் சரிசெய்கிறார் என்று எங்கள் ஊரில் எல்லோரும் சொல்வதுதான். மாத்ரிஸ் சிரிப்பார். "கூடவே போய் எவன்டா எண்ணினான்?" என்பார்.

அந்த இலையுதிர் காலத்தில் மூன்று நாள் வடகாற்று அடித்து ஓய்ந்தது. நான்காம் நாள் விடிந்ததும் படகுகள் வரிசையில் நின்றன. வலைத்தலைவன் ஹெரகோன், மாத்ரிஸின் மனைவிக்குத் தம்பி, முதல் படகில் இருந்தான். அவனுக்குப் பின்னால் துடுப்போடு நான். மேலிருந்து குரல் வரவேயில்லை. சற்று நேரத்தில் எங்கள் படகுக்கு அடியிலேயே கரிய முதுகுகள் நழுவி ஓடின. நூறோ, ஐந்நூறோ. வலை விரியாமலே கூட்டம் முழுவதும் தெற்கே போய்விட்டது.

"யோவ் மச்சான்! செத்தா போயிட்டே மேல?" என்று ஹெரகோன் கத்தினான்.

கரையேறி ஓடினோம். மாத்ரிஸ் ஒவ்வொரு படியாகத் தடவித் தடவி இறங்கிக்கொண்டிருந்தார். கால் மண்ணில் பட்டதும் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"அத்தனை வீட்டுச் சோறு நீந்திப் போகுது, நீ என்னத்தப் பாத்துக்கிட்டிருந்தே?"

"புறா."

"புறாவா!"

"நாப்பத்திரண்டு உள்ள போச்சு ஹெரகோன். பாறைக்கு அந்தாண்ட நாப்பத்தொண்ணு வந்துச்சு. அப்புறம் நாப்பத்திரண்டு."

"இன்னொண்ணு எங்கேருந்து வந்து சேந்துச்சு?"

"எங்கேருந்தும் வரல. நான் கண்ணச் சிமிட்டல. வெறும் வானம் அது. இல்லாம இருந்துச்சு, அப்புறம் இருந்துச்சு."

வேறு யார் சொல்லியிருந்தாலும் ஹெரகோன் உதைத்திருப்பான். இவர் கணக்கு பிசகி நாங்கள் யாருமே பார்த்ததில்லை.

ஹெரகோன் படகைத் தள்ளினான். பாறையடிக்குப் போனோம். நுரையில் ஒரு சாம்பல்நிறப் புறா, இறகு முறிந்து, உயிரற்று மிதந்தது. அலகில் ஏதோ ஈரம் மினுங்கியது. கடலீரம் அப்படி மினுங்காது. அதிலிருந்து ஒரு மணம் வந்தது. தேன் என்று சொல்லலாம், ஆனால் தேன் அதன் பக்கத்தில் நிற்காது. ஹெரகோன் விரலை நீட்டினான். ஒரு சாண் தூரத்தில் கை நின்றுவிட்டது. கையை இழுத்துக்கொண்டு, எதையும் தொடாத அந்தக் கையைக் கடலில் மூன்று முறை கழுவினான். நீரோட்டம் புறாவை இழுத்துக்கொண்டு போனது. காலையில் கட்டிக்கொண்டு போன வாற்கோதுமை ரொட்டியை அன்று பொழுது சாயும்வரை யாரும் பிரிக்கவில்லை. பசியே எடுக்கவில்லை.

ஊருக்குள் சேதி போனதும் மாத்ரிஸின் மனைவி பித்தீஸ் எங்கள் எல்லோர் முன்னாலும் அவரைப் பிடித்துக்கொண்டாள். "பன்னெண்டு தடியனுங்க போனீங்களே, ஒருத்தனுக்காவது ஒரு சொட்டு நக்கிப் பாக்கத் தோணல? நாம ரெண்டு பேரும் சாகாம இருந்திருக்கலாம்ல?"

"உன்கிட்ட ஏச்சு வாங்கிக்கிட்டு, சாகாமயேவா?" என்றார் மாத்ரிஸ். அவளும் சிரித்துவிட்டாள். பிறகு வாசலில் நின்று பாறைகள் இருக்கும் திசையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகும் ஏழு பருவம் அவர் காவல்மரம் ஏறினார். புறாக்கள் வந்தால் மட்டும் கண்ணைத் தாழ்த்திக்கொள்வார். "ஒரு தரம் பாத்தாச்சு, திரும்பப் பாத்தா சந்தேகப்படுற மாதிரி" என்று என்னிடம் சொன்னார். ஒரு குளிர்காலத்தில் நெஞ்சுச்சளி வந்து, எல்லோரையும் போலத்தான் செத்தார்.

அன்றைக்குப் பிறகு ஹெரகோன் அவரை ஒருநாளும் மீன் போனதற்காகக் குறைசொல்லவில்லை. வடக்கிலிருந்து புறாக்கள் தாழப் பறந்து வருவது தெரிந்தால், அடியில் சூரை கொதித்துக்கொண்டு ஓடினாலும், துடுப்பைத் தூக்கச் சொல்வான். பன்னிரண்டு துடுப்புகளும் சொட்டச் சொட்ட நிற்கும். அவை தாண்டிப் போகும்வரை படகில் ஒருவரும் மூச்சைப் பெரிதாக விடமாட்டோம்.