சும்மா இருக்க வந்த ஊரில் மாமி

இந்த ஊரின் தொழிலே சும்மா இருப்பதுதான் என்று எனக்குப் பொறி தட்டியது, ஊற்றுநீர் மண்டபத்தில் மாமி ஊரார் குடித்துவைத்த கிளாஸ்களைப் பொறுக்கிக்கொண்டு திரிந்தபோது. ஜெர்மனி, தொண்ணூறுகளின் நடுப்பகுதி. எசனில் மருத்துவமனைத் தளம் கழுவிக் கழுவி இடுப்பும் நாரியும் விட்டுப்போன மாமிக்கு மருத்துவக் காப்புறுதி மூன்று கிழமை ‘கூர்’ கொடுத்திருந்தது. வெந்நீர் ஊற்றுள்ள ஊரில் தங்கி, குளித்து, அந்தத் தண்ணீரைக் குடித்து, ஓய்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். கொலோனில் சரித்திரம் படித்துக்கொண்டிருந்த நான் அவரைப் பார்க்கப் போயிருந்தேன்.

ஒரு சீமாட்டி தன் கிளாஸை மாமியின் கையில் திணித்துவிட்டு முகம் பாராமல் போனாள். மாமி “டாங்க” என்று நன்றி சொல்லி வாங்கிக்கொண்டார். எனக்குக் காது மடல் சுட்டது. மாமியை வெளியே இழுத்துவந்து வாங்கில், மரநிழலில் கிடந்த நீள இருக்கையில், இருத்தினேன்.

“சும்மா இருக்க வெக்கமாக் கிடக்கு பிள்ளை. நான் வீட்டை போறன். எசனிலை சனம் என்ன சொல்லும்? வேலையை விட்டிட்டுக் குளிக்கப் போயிட்டாள் எண்டெல்லோ சொல்லும்.”

பாதியில் போனால் நாரி அப்படியேதான் கிடக்கும். என்னிடம் இருந்த ஒரே மருந்து சரித்திரம். பிரபுக்கள் வந்து சூதாடியதையும், அவர்களுக்காகத் தூண் வைத்த விடுதிகள் எழுந்ததையும், பிற்பாடு தொழிலாளரின் காப்புறுதிப் பணத்தில் ஊர் பிழைத்ததையும் மூச்சுவிடாமல் சொன்னேன். “நீங்கள் வாங்கிலை இருந்தால்தான் மாமி, கேக் கடைக்காரனுக்கும் வாத்தியக்காரனுக்கும் சாப்பாடு.”

“அப்ப இருக்கிறதும் வேலையோ? சம்பளம் ஆர் தாறது?”

அந்நேரம் மண்டபத்தில் கிளாஸ் கழுவும் பெண் எங்கள் பின்னால் வந்து நின்றாள். ஈரக்கையைத் துடைத்தபடி, மெதுவாகத்தான் கேட்டாள். காப்புறுதிகள் கையை விரிக்கின்றன, ஆட்கள் வருவது குறைந்துவிட்டது, கூட நின்றவளை ஏற்கெனவே நிறுத்திவிட்டார்கள். வந்தவர்களே கிளாஸ் எடுத்தால் தன்னை எதற்கு வைத்திருப்பார்கள் என்றாள்.

என் பிரபுக்களுக்கெல்லாம் அசையாத மாமியின் முகம் செத்துப்போனது. அவளிடம் மன்னிப்புக் கேட்டார். என் பக்கம் திரும்பி, “ஐயோ, அவளின்ரை வேலையையெல்லோ நான் பறிச்சுக்கொண்டு நிண்டனான்” என்றார்.

என் வெட்கம் வேறு. மாமியை கிளாஸ் பொறுக்குபவள் என்று நினைத்துவிட்டார்களே என்றுதான் நான் கூசியிருந்தேன். அந்தக் கூச்சத்துக்குரிய வேலை போய்விடக் கூடாதென்று ஒருத்தி என் எதிரிலேயே கெஞ்சிக்கொண்டு நின்றாள். மண்டபத்தின் கூரையை அண்ணாந்து அண்ணாந்து பார்த்தவன் நான்; அதுவரை அவளைப் பார்க்கவேயில்லை.

பெட்டி கட்டும் பேச்சு அதோடு நின்றது. மாமி வாங்கின் ஓரத்தில், எழும்பப்போகிறவர் போலவே இருந்தார்.

“நாளைக்குக் காலமை அந்த வாத்தியக்காரற்றை கச்சேரி முடியுமட்டும் இருந்து பாக்கிறன்” என்றார். “நீயும் பக்கத்திலை இரு. எழும்பினனெண்டால் கோட்டைப் பிடிச்சு இழு.”