அத்தையின் ஸ்லைடு

எழுபதுகளின் நடுவில் நான் கோயம்புத்தூரில் ஒரு மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை பார்த்தேன். அறுத்தெடுத்த சதையை மெழுகில் பதித்து, மெல்லிசாகச் சீவி, சாயமேற்றி, கண்ணாடி ஸ்லைடில் டாக்டருக்குக் கொடுக்க வேண்டும். வேலந்தாவளத்துக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டத்து வீடு, தினமும் பஸ். மாமியாருக்கு என் வேலை பிடிக்காது. மாலையில் குளிக்காமல் சமையலறைக்குள் விடமாட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரே என்னை மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் கூப்பிட்டார்.

"அம்மிணி, மார்ல சுண்டைக்காயாட்டம் என்னமோ தட்டுப்படுது. வலியில்ல. உங்க மாமனுக்குத் தெரிய வேண்டாம்."

"எத்தன நாளாங்க அத்தை?"

"ரெண்டு மாசமிருக்கும்."

மறுநாளே அழைத்துப்போனேன். சோதித்தார்கள், புற்றுதான். அந்த வாரமே மார்பையும், நெறி என்று சொல்லும் அக்குள் நிணநீர்க் கணுக்களையும் எடுத்தார்கள். சதை எங்கள் ஆய்வகத்துக்கு வந்தது. இன்னொருவரிடம் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. நானே சீவினேன்; முதல் இரண்டு சீவல்கள் கிழிந்தன.

டாக்டர் நெடுநேரம் பார்த்துவிட்டு என்னை மைக்ராஸ்கோப் அருகே அழைத்தார்.

"நல்ல செல்லுங்க ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு இருக்கும். புத்துல அந்த ஒட்டு விட்டுப்போகும். தனியா வந்தது நெறிக்குப் போகும், அங்கிருந்து நுரையீரல், எலும்பு. இங்க பாரு, பெரும்பாலும் இன்னும் கூட்டமாத்தான் இருக்கு. நெறியில ஒண்ணுமில்ல."

"அந்த ஒட்டு ஏன் சார் விடுது?"

"அது இன்னும் சரியாத் தெரியலம்மா."

செல்லின் மேலுள்ள சில புரதங்கள்தான் அந்தப் பிடியைத் தருகின்றன என்று பல ஆண்டுகள் கழித்துப் படித்தேன். அன்று எனக்கு நெறியில் ஒன்றுமில்லை என்பது போதுமாயிருந்தது. வார்டுக்கு ஓடினேன்.

"பரவிருச்சா அம்மிணி?"

"இல்லீங்க அத்தை. நானே பாத்தனுங்க."

"எனக்குங் காட்டுவாங்களா?" என்றார்.

வீட்டுக்குக் கிளம்பும் நாளில் டாக்டர் சம்மதித்தார். அத்தை ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "சீலைப் பூவாட்டமல்லோ இருக்குது" என்றார்.

மறு வருடம் ஒரு காலையில் ஆய்வக வாசலில் அத்தை நின்றார். பக்கத்துத் தோட்டத்துப் பெண் ஒருத்தியை வெயிலில் பஸ் மாறி அழைத்து வந்திருந்தார்.

"இவளும் மறைச்சு வெச்சிருந்தா. எந்த டாக்டர்கிட்டப் போவோணும், சொல்லு."