பேச்சிமுத்துவின் புராதன வீடு

ராஜபாளையத்தில் பழைய கட்டடம் எதையாவது இடிக்க வேண்டுமென்றால் பேச்சிமுத்துவைத்தான் கூப்பிடுவார்கள். 1980-களில் மனுஷனுக்கு ஓய்வே கிடையாது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு சத்திரம், இங்கே இரண்டு பங்களா, பஞ்சு மூட்டை அடுக்கும் ஒரு கிட்டங்கி என்று எல்லாவற்றையும் தரைமட்டமாக்கினார். நல்ல சாமான் கண்ணில் பட்டால் விலைபேசி லாரியில் ஏற்றிவிடுவார். 1986-ல் செட்டியார்பட்டி ரோட்டில், என் வீட்டுக்கு எதிரே அவர் கட்டிய வீட்டில் சத்திரத்துக் கல்தூண், பங்களாக் கதவு, கிட்டங்கியின் தேக்கு உத்தரம் எல்லாம் இருந்தன. ஜன்னல் ஒவ்வொன்றும் ஒரு அளவு.

அதோடு நின்றிருந்தால் தேவலை. வெளியூர்க்காரர் யார் கேட்டாலும், "எங்க பூட்டன் கட்டுன வீடு, எறநூறு வருசமாச்சு" என்பார். புதுப்பணக்காரன் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதாம். தவளை தன் வாயால் கெடும்.

தொண்ணூற்றிரண்டில் பழங்கால வீடுகளைப் பார்வையிட ஒரு அதிகாரி வந்தார். தூணைத் தடவிப் பார்த்தார். பேச்சிமுத்து காப்பியோடு பூட்டன் கதையையும் கொடுத்தார். மூன்றாம் மாதம் வாசலில் நீலப் போர்டு நட்டுவிட்டார்கள். பாதுகாக்கப்பட்ட கட்டடம், ஓர் ஆணிகூட அடிக்கக் கூடாது.

ஆவணியில் ஒரே மகன் பொன்னுராஜுக்குக் கல்யாணம். வீட்டில் இருந்ததோ ஒரு ரூம். மாடியில் இன்னொரு ரூம் கட்டினால் இருப்பேன், இல்லையென்றால் ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் வாடகைக்குப் போய்விடுவேன் என்று அவன் சொல்லிவிட்டான். மகன் மருமகளோடு ஒரே வீட்டில் இருக்க வேண்டும் என்பதைத் தவிர பேச்சிமுத்துவின் மனைவி செல்லக்கனிக்கு வேறு ஆசை கிடையாது.

பேச்சிமுத்து சாட்சிக்கு என்னையும் இழுத்துக்கொண்டு அந்த அதிகாரியின் ஆபீசுக்குப் போனார்.

"சார், பொய் சொல்லிட்டேன். நான் கட்டி ஆறு வருசந்தான் ஆவுது."

"பிளான் அப்ரூவல் இருக்கா?"

"வாங்கல சார். தூணு சத்திரத்துத் தூணு."

"சத்திரத்தைக் காட்டுங்க, ஒத்துப் பார்த்துடலாம்."

"இடிச்சாச்சு சார்."

"கதவு?"

"பங்களாவுல எடுத்தது. அதையும் இடிச்சாச்சு."

"யாரு இடிச்சது?"

"நாந்தான்."

அதிகாரி சிரித்தார். "ஒரு மாடிக்காக இவ்வளவு பொய்யா? பூட்டன் சொத்துய்யா, பெருமைப்படுங்க."

நான் வாயைத் திறந்து, எதிர்வீட்டில் இருந்து கட்டும்போது பார்த்தவன் நான் என்றேன். எதிர்வீட்டுக்காரருக்குப் பொறாமை இருக்கத்தான் செய்யும் என்றார் அதிகாரி. எனக்கு வந்த கோபத்தில் நானே மாடி கட்டிக் கொடுத்திருப்பேன்.

கல்யாணம் முடிந்து பதினைந்தாம் நாள் பொன்னுராஜ் கட்டிலையும் பீரோவையும் வண்டியில் ஏற்றினான். வண்டி மறைந்ததும் பேச்சிமுத்து கடப்பாரையோடு போர்டுக்கு முன்னால் போய் நின்றார். அன்றைக்குத்தான் அந்த ஆளைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. அவர் ஓங்கிய நேரம் பார்த்து ஒரு வேன் வந்து நின்றது. காலேஜ் பிள்ளைகள் நோட்டோடு இறங்கினார்கள். கூட வந்த வாத்தியார் கும்பிட்டு, "ஐயா, உங்க பூட்டனாரைப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லணும்" என்றார்.

பேச்சிமுத்து திரும்பி மனைவியைப் பார்த்தார்.

"சொல்லுங்க," என்றாள் செல்லக்கனி. "மவன்தான் போயிட்டான். பூட்டனாவது வீட்ல இருக்கட்டும்."