பொன்மனைக்கு வழி

எண்பதுகளின் தொடக்கத்தில், தோட்டத்து லோரி ஓட்டும் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அப்பா, லூனாஸ் பக்கம் புதிதாகக் கட்டிய தாமான் குடியிருப்பில் ஒரு சின்ன வீடு வாங்கினார். சாவி கைக்கு வந்ததும் அவர் செய்த முதல் வேலை, ஒரு பலகையை இழைத்து, மஞ்சள் பெயிண்டில் ‘பொன்மனை’ என்று எழுதி கேட்டில் மாட்டியதுதான். வீட்டுக்கு நம்பரும் இருந்தது. அதை யாருக்கும் சொல்லமாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றார்.

“நம்பர் மாட்டுக்கும் உண்டு. தோட்டத்து லயத்து வரிசையில காலமெல்லாம் நம்பராவே இருந்தாச்சு. இனிமே பேரு,” என்றார்.

அது அவருடைய ஆசை, அதைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் பெயர் வைத்துவிட்டால் ஊர் தானாகவே தெரிந்துகொள்ளும் என்று நம்பினார் பாருங்கள், அங்கேதான் வந்தது வினை.

அக்காவைப் பெண் பார்க்க சிடாம் கிரியிலிருந்து ஒரு குடும்பம் வருவதாக இருந்தது. அதற்கு முன் வந்த இரண்டு இடங்கள் ஏதேதோ சொல்லித் தட்டிப்போயிருந்தன. தரகருக்கு அன்று பார்த்து வயிற்றுப்போக்கு. “ரிட்டயரான லோரி டிரைவர் வீடு, பஸ்ஸில் ஏறிப் பொன்மனை என்று சொன்னால் போதும்” என்று மட்டும் அவர்களிடம் சொல்லி அனுப்பியிருந்தார். கேசரி ஆறியது. பொழுது சாய்ந்தது. யாரும் வரவில்லை. அக்கா புடவையை மடித்து வைத்துவிட்டு, இட்லிக்கு அரிசி ஊறப்போட்டாள். அவள் அழுதிருந்தால்கூட எனக்கு அத்தனை கஷ்டமாக இருந்திருக்காது.

அடுத்த வாரம் சேதி வந்தது. அந்தக் குடும்பம் வரத்தான் வந்திருக்கிறது. தோட்டத்தில் நாங்கள் விட்டுவந்த பழைய லயத்து வீட்டுக்குப் போய், அங்கே புதிதாகக் குடியேறியவர்களின் மகளைப் பார்த்து, பிடித்துப்போய், பரிசமும் போடப் போகிறார்கள்!

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. பொன்மனைக்கென்று கிளம்பியவர்கள் எப்படி லயத்துக்குப் போனார்கள்? அடுத்த மாதம் மெர்போக்கிலிருந்து இன்னொரு இடம் வருவதாக இருந்தது. அதுவும் கைநழுவினால் அக்கா இனி யார் முன்னாலும் வந்து நிற்கமாட்டாள். ஆகவே நானே அசலூர்க்காரியாக மாறி, என் வீட்டுக்கு வழி கேட்டுப் பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

நான் தினமும் ஃபேக்டரி வேனில் போகிறவள். பஸ் கண்டக்டர்களுக்கு என் முகம் தெரியாது. சுங்கை பட்டாணியில் பஸ் ஏறி, வந்த மலாய்க் கண்டக்டரிடம் “பொன்மனை?” என்றேன். அவர் தலையாட்டினார். எங்கள் தாமானுக்கு வெகு முன்னாலேயே, தோட்டத்து முச்சந்தியில் பஸ்ஸை நிறுத்தி, “ஃபோன் மானா? சினி, சினி,” என்று வெளியே கை காட்டினார்.

அவர் காட்டியது பொதுத் தொலைபேசி. மலாயில் ‘மானா’ என்றால் எங்கே, ‘சினி’ என்றால் இங்கே. போன் எங்கே என்று நான் கேட்பதாக நினைத்து, பாவம், பொறுப்பாகப் போனுக்கு எதிரே இறக்கிவிட்டிருக்கிறார்.

போனுக்குப் பக்கத்திலேயே ஒரு மளிகைக் கடை. அதன் முதலாளியான சீனத் தவுக்கே கடைக்குப் புதிது. லோரி டிரைவர் வீடு எது என்று கேட்டேன். தோட்டத்துக்குள் போகும் செம்மண் சடக்கைக் காட்டினார். அங்கே மரநிழலில் உட்கார்ந்திருந்த புது ஆட்களும் அதையே காட்டினார்கள். எங்கள் பழைய வீடு டிரைவருக்கென்று தோட்டம் கொடுத்த வீடு. அப்பா போனதும் வந்தவரும் டிரைவர்தான். அவர் வீட்டிலும் கல்யாண வயதில் ஒரு பெண். போதாதா?

பழைய வீட்டில் இப்போது இருக்கிற அம்மாவிடம் நன்றாக நான்கு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்றுதான் போனேன். டிரைவர் வீடுதானே என்று கேட்டார்கள், ஆமாம் வாங்க என்றோம், எங்கள் தரகர் அனுப்பிய இடம் என்று நினைத்தோம் என்றார் அவர். சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கிவிட்டது. டீயும் கொடுத்துவிட்டார். டீயைக் குடித்துக்கொண்டு சண்டை போட எனக்குத் தெரியாது. இனி யாராவது டிரைவர் வீடு என்று வந்தால், எந்த டிரைவர் என்று கேளுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

பிறகு பொன்மனை எங்கே இருக்கிறது என்று தவுக்கேயிடம் சொன்னேன். கண்ணில் பட்ட கண்டக்டரிடமெல்லாம் சொன்னேன். ஒருவரிடம் சொன்னால் மற்றவருக்குத் தெரிவதில்லை. இன்று சரியாக இறக்கிவிட்டவர் நாளைக்கு லீவு. அப்பாவிடம், மெர்போக்காரர்களுக்கு நம்பரைக் கொடுங்கள், இல்லையென்றால் நான் போய் பஸ் ஸ்டாப்பில் நிற்கிறேன் என்று கெஞ்சினேன். “வழியில நின்னு புடிச்சிட்டு வர, மாப்பிள்ள என்ன ஆட்டுக்குட்டியா?” என்று கேட்டுவிட்டார்.

அந்த ஞாயிறும் வந்தது. அதே புடவை, அதே கேசரி. சொன்ன நேரம் தாண்டிப் போனது. யாரோ ஒரு புதுக் கண்டக்டரிடம் மாட்டிக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அப்பா கேட்டுக்குப் போய்ப் பலகையைத் துடைப்பதும் திரும்புவதுமாக இருந்தார். அதைப் பிடுங்கி அடுப்பில் வைக்கலாமா என்றிருந்தது எனக்கு.

அப்போது தெருமுனையில் ஒரு கூட்டம் தெரிந்தது. முன்னால் பழைய வீட்டு அம்மா, பின்னால் வேட்டியும் பட்டுமாக மெர்போக்காரர்கள், அவர்களுக்கும் பின்னால் வேடிக்கை பார்க்க லயத்தில் பாதிப் பேர். புதுக் கண்டக்டர் முச்சந்திப் போனடியிலேயே இறக்கிவிட்டிருக்கிறார். கடையும் ஞாயிறென்று அடைப்பு. லயத்துக்குப் போனவர்களை எந்த டிரைவர் என்று விசாரித்து, அந்த வெயிலில் நடந்தே கூட்டிவந்திருக்கிறார் அந்த அம்மா.

அவர் கேட்டருகிலேயே நின்று அப்பாவிடம் சொன்னார்: “உங்க வீட்டுக்கு வந்த சம்பந்தம் ஒன்ன நாங்க வச்சிக்கிட்டோம்ண்ணே. இத பத்திரமா கொண்டாந்து விட்டுட்டேன்.”

அப்பா அவரை உள்ளே அழைத்து முதல் தட்டுக் கேசரியை அவருக்குத்தான் கொடுத்தார்.

எல்லாரும் உட்கார்ந்ததும் மாப்பிள்ளையின் சித்தப்பா, வியர்வையைத் துடைத்தபடி கேட்டார்: “ஏங்க, இந்த வீட்ல போன் இருக்கா? கண்டக்டர் போன் போன்னே சொன்னாரு லா.”

அடுப்படியிலிருந்து அக்கா சிரித்தாள். அடக்கப் பார்த்தும் முடியாமல், வீடே கேட்கச் சிரித்தாள். காப்பித் தட்டோடு அவள் வெளியே வரும் முன்பே முடிவு செய்துவிட்டதாக அத்தான் இன்றைக்கும் சொல்வார்.

கதை பஸ்ஸில் ஏறி ஊரெல்லாம் போய்விட்டது. எங்கள் வீட்டுக்கு ‘போன் மானா’ என்றே பேர் விழுந்தது. அப்பா முதலில் அப்படிச் சொன்னவரோடெல்லாம் மல்லுக்கு நின்றார். அக்காவின் முதல் பிள்ளையைப் பார்த்துவிட்டு அவரும் நானும் மெர்போக்கிலிருந்து திரும்பிய அன்று, எங்கே இறங்கவேண்டும் என்று முன்பின் தெரியாத ஒரு கண்டக்டர் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்து, “போன் மானா,” என்றார்.

பஸ் முச்சந்தியில் நிற்கவே இல்லை. நேராக எங்கள் தாமான் வாசலில் கொண்டுவந்து இறக்கிவிட்டது.