மார்கிரட் எனக்கு என்ன முறை?

அமெரிக்க நாவலாசிரியை மார்கிரட் போன கிழமை இறந்துபோனார். அவருக்காக இன்று லண்டன் பிளேஸ்டோ கோயிலில் தமிழ்ப் பூசையை ஒப்புக்கொடுக்கக் கேட்டிருந்தேன்.

அவர் எழுத வருமுன் ஆஸ்பத்திரி லோண்டரியில் வேலை செய்தவர். நானும் அதே வேலைதான். நாள் முழுக்க விரிப்பு மடிக்கிறவளின் தோள்வலியை நான் ஒரு நாவலில் படித்தது அவரிடம் மட்டும்தான்.

கேட்டவள் என்று என் பெயரைச் சொல்லிவிட்டு ஃபாதர் வாசித்தது இவ்வளவுதான்: "மார்கிரட்டின் ஆன்ம இளைப்பாற்றிக்காக."

எங்கள் சனத்தில் வீட்டுக்கு ஒரு மார்கிரட் உண்டு. பூசை முடிந்ததும் வாசலில் வரிசையாக வந்து என் கையைப் பிடித்தார்கள்.

"ஆர் பிள்ளை, பெரியம்மாவோ?"

"இல்லை, அவ கதை எழுதுற..."

முடிக்கவில்லை. பக்கத்துத் தெரு பிலோமினா அன்ரி கிட்ட வந்துவிட்டார்.

"கடைசியா முகம் பாக்கக் கிடைச்சதோ?"

"இல்லை அன்ரி."

"எனக்கும் அம்மாவின்ர முகம் பாக்கக் கிடைக்கேல்லை. விசா இல்லை. பெட்டி மூடுறதைப் போனிலதான் பாத்தனான்."

என் தோளில் சாய்ந்து அழத் தொடங்கினார். இத்தனை வருசத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை. அதற்குப் பிறகு எந்த வாயால் உண்மையைச் சொல்வது?

மார்கிரட்டின் நாவல்களிலும் இப்படித்தான். பெண்கள் யாரோ ஒருவருடைய சாவீட்டுக்குப் போய்த் தங்கள் சாவுகளுக்கு அழுதுவிட்டு வருவார்கள்.

பின்னேரம் அன்ரி புட்டும் சொதியும் கொண்டுவந்தார். "இண்டைக்கு நீ அடுப்பு மூட்ட வேண்டாம்" என்றார். முப்பத்தோராம் நாள் நினைவுச் சாப்பாட்டுக்குத் தானே வந்து சமைத்துத் தருவாராம்.

மார்கிரட்டை வாசித்தவர்களில் சாப்பாட்டுக்கு யார் யார் வருகிறீர்கள் என்று கீழே கொமெண்டில் சொல்லுங்கள். சொந்தக்காரர் இல்லாமல் நான் தனியாக நிற்க ஏலாது.